மூன்றாவது பிரதியில் பதிந்த வாக்குமூலம்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் ஒரு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஐந்து பேருக்கு. எட்டு மைக்குகளைச் செருகினால் எட்டுக் குரலையும் தனித்தனியாகப் பதிந்துவிடும் கருவி ஒன்று இப்போது அவர்கள் கையில் இருக்கிறது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் கேட்டார்.

"ஏனுங்க மேடம், நீங்க ஒரே லேப்டாப்புல ஒரே சாப்ட்வேரை மூணு தடவ தொறந்து வெச்சு ரெக்கார்டு பண்ணுவீங்கன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?"

"நெசந்தானுங்க" என்றேன்.

எப்படிச் செய்தோம் என்று சொல்வதற்குள் ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. அதில் நான் செய்த தவறைச் சொல்ல நேரமில்லை. அதுதான் முக்கியம் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரத்துக்குப் பக்கம். வீட்டில் எல்லோரும் விவசாயம். நான் மட்டும் பாலக்காட்டில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தேன். அரசு விசாரணைகளை ஒலிப்பதிவு செய்யும் ஒரு சின்னப் பிரிவில் வேலை கிடைத்தது. முதலில் கேசட், பிறகு குறுந்தகடு, பிறகு லேப்டாப். தொழில் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல ஒரு குறிப்பிட்ட காலம் இல்லை. கருவி மாறும்போதெல்லாம் மறுபடி கற்றுக்கொண்டேன். நிலத் தகராறு, தோட்டத் தொழிலாளர் பிரச்சினை, வேலையிடத்து விபத்து என்று எந்த விசாரணையானாலும் அதிகாரிக்கு முன்னால் ஒரு மைக், ஓரத்தில் நான். கேரளத்தின் தமிழ் பேசும் இடங்கள்தான் பெரும்பாலும் என் பங்குக்கு வரும். சாட்சி தமிழில் சொல்வார். மொழிபெயர்ப்பாளர் அதை மலையாளத்தில் சொல்வார். அந்த மலையாளத்தைத் தட்டச்சு செய்து அதிகாரியின் கையெழுத்து வாங்கினால் அதுதான் ஆவணம். சாட்சி தமிழில் என்ன சொன்னார் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

ஸ்ரீஜா மேடம் எங்கள் பிரிவுக்குத் தலைமையாக வந்தபோது எனக்கு நாற்பத்தேழு வயது. அவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், திருச்சூர்க்காரர். என்னைச் சேச்சி, அக்கா என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நம் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார். நாம் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேச மாட்டார். அந்த இடைவெளியில் நாமே மறைத்து வைத்ததையும் சொல்லிவிடுவோம். 'இருக்கலாம்', 'போலிருக்கிறது' என்ற சொற்கள் அவருக்கு ஆகாது. "சேச்சி, இருக்கலாம் வேண்டா. நடந்ததா, நடக்கலையா? தெரியலைன்னா தெரியலைன்னு எழுதூ" என்பார். தவறு நடந்துவிட்டால் என்ன நஷ்டம் என்று முதலில் கேட்க மாட்டார். முதலில் என்ன செய்தோம், இரண்டாவது என்ன, மூன்றாவது என்ன என்று வரிசையாக எழுதி வாங்குவார். அதைப் படித்த பிறகுதான் மற்ற பேச்சு.

அவர் வந்த புதிதில் அகளியில் ஒரு நில விசாரணை. சாட்சி, மொழிபெயர்ப்பாளர், இரண்டு பக்க வழக்கறிஞர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எல்லாம் ஒரே மைக்கில் பதிந்தது. தட்டச்சாகி வந்த பக்கங்களில் 'பலர் பேசுகின்றனர், தெளிவில்லை' என்று வரிக்கு வரி இருந்தது. ஸ்ரீஜா மேடம் அந்தத் தாளோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இவங்களைத் தனித்தனியா எடுக்கப் பற்றுமா சேச்சி, முடியுமா?"

"பல மைக் போடற மெசின் வேணுமுங்க மேடம்."

கேட்டு எழுதினோம். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அடுத்த தடவை எழுதியபோதும் அதே பதில்தான். நான் இருக்கிற லேப்டாப்பிலேயே செய்து பார்க்க ஆரம்பித்தேன்.

நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது. அதற்கு ஒரு நேரத்தில் ஒரு மைக்தான் தெரியும். ஏற்கெனவே திறந்திருக்கும்போது இன்னொரு முறை திறந்தால், 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று ஒரு செய்தி காட்டி நின்றுவிடும். ஆகவே அது இருந்த கோப்புறையையே நகலெடுத்து மூன்று பிரதிகளாக வைத்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் அதற்கென்று தனி அமைப்புகள். அப்படிச் செய்தால் ஒரு பிரதி ஓடுவது மற்றொன்றுக்குத் தெரியாது. முதல் பிரதிக்கு அதிகாரியும் வழக்கறிஞர்களும் இருக்கும் மேசை மைக். இரண்டாவதுக்கு மொழிபெயர்ப்பாளரின் மைக். மூன்றாவதுக்குச் சாட்சியின் மைக். மூன்று மைக்கும் ஒரே ரகம் என்பதால் கணினி மூன்றையும் ஒரே பெயரில், எண் மட்டும் மாற்றிக் காட்டும். செருகும் துளை மாறினால் எண்ணும் மாறிவிடும். வீட்டிலிருந்து என் மகளின் நகப்பூச்சைக் கொண்டுபோய் துளைக்கும் வயருக்கும் ஒரே நிறம் பூசினேன். சிவப்பு அதிகாரிக்கு, ரோஸ் மொழிபெயர்ப்பாளருக்கு, வெள்ளை சாட்சிக்கு.

மூன்று மைக்குகளும் தனித்தனிக் கடிகாரம் வைத்துக்கொண்டு ஓடுகிறவை. இரண்டு மணி நேரம் போனால் ஒன்றுக்கொன்று அரை விநாடியாவது விலகியிருக்கும். அதற்காகத் தொடக்கத்திலும் முடிவிலும் அறையின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுவேன். பிறகு மூன்று பதிவிலும் அந்தக் கைதட்டலைத் தேடி நேராக்கிக்கொள்ளலாம். வைரஸ் தடுப்பை நிறுத்தி வைக்க வேண்டும், இணையத்தைத் துண்டிக்க வேண்டும், லேப்டாப் தூங்கிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் எழுதி ஒட்டி வைத்த பட்டியல்.

அந்தப் பட்டியலில் சிவப்பு மையில் ஒன்று இருந்தது. நாங்கள் வைத்திருந்த பழைய மென்பொருளில், பதிவாகும் ஒலி ஆறேழு விநாடித் துண்டுகளாக ஒரு தற்காலிகக் கோப்புறையில் போய்ச் சேரும். நாம் சேமித்தால்தான் அத்தனை துண்டும் ஒரே கோப்பாகும். மென்பொருளை மூடும்போது அது அந்தத் தற்காலிகக் கோப்புறையைத் துடைத்துவிட்டுப் போகும். அதனால் மூன்று பிரதிகளுக்கும் மூன்று வெவ்வேறு தற்காலிகக் கோப்புறைகளைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை மூடும்போது அது மற்றொன்றின் பதிவையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

எழுதி ஒட்டியதும் நான்தான், மறந்ததும் நான்தான்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்புறம்தான் சூரியநெல்லி.

சூரியநெல்லிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே சேசுராஜ் என்ற தொழிலாளி மின்சாரம் தாக்கி இறந்திருந்தார். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் கிளை வெட்ட அலுமினிய ஏணி வைத்து ஏறியிருக்கிறார். பக்கத்தில் மின்கம்பி. ஏணி அதில் பட்டுவிட்டது. கீழே ஏணியைப் பிடித்திருந்த அந்தோணி பிழைத்துக்கொண்டார். இரண்டு கையும் வெந்துபோய் மருத்துவமனையில் இருந்தார். கம்பியில் மின்சாரம் ஓடும்போது அவரை ஏறச் சொன்னது யார் என்பதுதான் விசாரணை. யாரும் சொல்லவில்லை, தொழிலாளிகள் தாங்களாகவே ஏறினார்கள் என்றது தோட்ட நிர்வாகம்.

உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக ஜீப்பில் போய் மூணாறில் தங்கினோம். என்னோடு வந்தவர் மொழிபெயர்ப்பாளர் விசுவநாதன் சார். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர். காதில் கொஞ்சம் மந்தம் என்பதை எங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அதற்கு முந்தின வாரம் லேப்டாப் பழுதாகி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தேன். முதல் பிரதியையும் இரண்டாவதையும் முறையாக அமைத்தேன். மூன்றாவதை, நேரமில்லை என்று, இரண்டாவதை அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினேன். மைக்கை மாற்றிக் கொடுத்தேன். தற்காலிகக் கோப்புறையை மாற்றவில்லை.

விசாரணை தோட்டத்துக் கிளப் கட்டடத்தில். ரோட்டில் யானை நின்றதால் எல்லோரும் தாமதமாக வந்தார்கள். முதல் சாட்சி சேசுராஜின் மனைவி மரியபுஷ்பம். சம்பவத்தன்று அடுத்த பாத்தியில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தவர். நான் நடுவில் நின்று கைதட்டியதும் அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"எதுக்குக்கா கை தட்டுதீக?"

"மூணு மைக்குக்கும் ஒண்ணா கேக்கோணுமுங்க. அதுக்குத்தான்."

"அப்ப நா சொல்றது?"

"உங்க பேச்சுக்குன்னே தனியா ஒண்ணு ஓடுதுங்க. நீங்க பதறாம சொல்லுங்க."

அவர் சொன்னார். காலை முழுக்கச் சொன்னார். நடுவில் தோட்ட நிர்வாகத்தின் வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபணை சொல்வார்; விசுவநாதன் சார் முந்தின வாக்கியத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார்; மரியபுஷ்பம் அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் மூன்று சன்னல்களிலும் அலைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட்போனில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்க முடியும். பெரும்பாலும் இரண்டாவதைக் கேட்டேன், ஆவணமாவது அதுதான் என்பதால்.

மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள். நான் முதல் பிரதியைச் சேமித்து மூடினேன். இரண்டாவதைச் சேமித்து மூடினேன். மூன்றாவதைச் சேமிக்கப் போனபோது கோப்புகளைக் காணவில்லை என்று வந்தது. திரையில் இருந்த அலைகள் என் கண் முன்னால் நேர்கோடாக மாறின.

அந்த நிமிடம் எனக்குச் சாப்பாடு, குளிர், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் எதுவும் தெரியவில்லை. 'உங்க பேச்சுக்குன்னே தனியா ஒண்ணு ஓடுதுங்க' என்று நான் சொன்னது மட்டும் காதில் கேட்டது.

வெளியே வந்து ஸ்ரீஜா மேடத்துக்குப் போன் செய்தேன். வழக்கம்போல் கடைசிவரை கேட்டார்.

"லேப்டாப் ஆஃப் செய்யூ சேச்சி. இனி அதுல ஒண்ணும் எழுதண்டா. மதியத்துக்குப் பிறகு கைல இருக்கிற சின்ன ரெக்கார்டர் மதி, அது போதும்."

"சரிங்க மேடம். ஆபீசுக்கு வந்து மீட்க முடியுதான்னு பாக்கறனுங்க. பாத்துட்டு..."

"இல்லை. இப்ப அதிகாரிகிட்ட போயி சொல்லணும். எழுதிக் கொடுக்கணும். நேரம் போடணும். அவர் கையொப்பு வாங்கணும்."

"மேடம், விதிப்படி மூணாவது பதிவு தேவையே இல்லீங்க. ரெண்டாவது பத்திரமா இருக்குது. யாரும் கேக்க மாட்டாங்க."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. நான்தான் மறுபடி பேசினேன்.

"எழுதிக் குடுத்தர்றனுங்க."

விசாரணை அதிகாரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் தாளைப் படித்தார். "தேவையில்லாத பதிவுதானே?" என்றார் மலையாளத்தில். ஆமாம் என்றேன். இடது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நேரம் ஒன்று இருபது.

பாலக்காடு வந்ததும் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன். ஆயிரத்துக்கும் மேலே துண்டுகள் வந்தன. பாதிக்கு மேல் பெயரும் எண்ணும் சரியாக இருந்தன. அவற்றை வரிசைப்படுத்துவது எளிது. மீதி பெயரில்லாமல் வந்தன. ஒவ்வொன்றையும் கேட்டு, எதற்குப் பின் எது என்று முதல் இரண்டு பதிவுகளோடு ஒப்பிட்டு வைக்க வேண்டும். சாட்சி மைக்கில் மற்றவர்கள் குரலும் மெல்லியதாகக் கேட்கும், அதை வைத்துத்தான். வேறு வேலைகளுக்கு நடுவே மூன்று வாரம் ஆனது. ஒன்பது துண்டுகள் கிடைக்கவே இல்லை.

இதற்குள் தட்டச்சான மலையாள ஆவணம் எல்லாத் தரப்புக்கும் போய்விட்டது. ஒரு நாள் தோட்ட நிர்வாகத்தின் மனு ஒன்று எங்கள் மேசைக்கு வந்தது. பதிவின் சான்றிட்ட நகல் வேண்டுமாம். காரணமும் எழுதியிருந்தார்கள்: மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது, ஏறு என்று 'அவர்' சொன்னதாக இறந்தவரின் மனைவியே சாட்சி சொல்லியிருக்கிறார், ஆகவே சக தொழிலாளிகள், குறிப்பாக அந்தோணி, தவறான தகவல் தந்து ஏற்றியிருக்கிறார்கள், அந்தோணியை வேலையிலிருந்து நீக்க அனுமதி வேண்டும்.

இதைப் படிக்கும் தமிழர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழில் 'அவர்' என்றால் மரியாதைக்குரிய ஒரு ஆள். மலையாளத்தில் 'அவர்' என்றால் பல பேர், அவர்கள். மலையாள ஆவணத்தில் அந்த ஒரு சொல் சேசுராஜின் கூட்டாளிகள் எல்லோரையும் குறித்தது.

நான் அந்த இடத்தை என் துண்டுகளில் தேடினேன். எண்ணுள்ள துண்டு ஒன்றில் மரியபுஷ்பத்தின் குரல் தெளிவாக இருந்தது.

"அவுகதான், லைன் ஆப் பண்ணியாச்சு, ஏறுன்னு சொன்னாக."

அவுக என்பது மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். இங்கே அவுக யார்? அதற்கு முந்தின எண் காணாமல் போயிருந்தது. பெயரில்லாத துண்டுகளில் இன்னும் முப்பதோ என்னவோ பாக்கி. ஒவ்வொன்றாகப் போட்டேன். இருமல், வெறும் நாற்காலிச் சத்தம், அழுகை. பிறகு ஒன்று. தொழிற்சாலைச் சங்கு ஊத ஆரம்பிக்கிறது. அதற்கு மேலே அவர் குரல்.

"பீல்டு ஆபீசர் அய்யா கீழருந்து வந்தாக."

கேட்டதும் எழுந்து போய் ஸ்ரீஜா மேடத்தை அழைத்து வந்தேன். அவர் மூன்று தடவை கேட்டார். விசுவநாதன் சாரையும் கூப்பிட்டோம். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். கழற்றி மேசையில் வைத்தார்.

"முதல் வாக்கியம் என் காதுலயே விழலை தனம். சங்கு ஊதறது, அந்த வக்கீல் கத்தறார், நானும் பேசிண்டிருக்கேன். அவுகன்னதும் அவா எல்லாரும்னு நினைச்சுண்டு, மலையாளத்துல அவர்னு சொல்லிட்டேன். ஒரு மனுஷனோட பிழைப்பைக் கெடுத்துட்டேனே."

"உங்க தப்பு மட்டும் இல்லீங்க சார்" என்றேன்.

ஸ்ரீஜா மேடம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"விசாரணைக்கு ஒரு ரிப்போர்ட் போகணும் சேச்சி. முதல் பக்கத்துல சேச்சியோட தெற்று வரணும். கோப்புறை மாத்தலைங்கிறது. பிறகு மீட்டது. பிறகு அந்த வாக்கியம்."

எனக்குக் கோபம் வந்தது. கண்ணைக் கெடுத்துக்கொண்டு மீட்டவள் நான். முப்பது வருடத்தில் ஒரு மெமோ வாங்காதவள். "மொதல்ல வாக்கியத்தப் போட்டா என்னுங்க? என்ர தப்பு கடைசீல வரட்டுமே" என்றேன்.

"கடைசியில வெச்சா அவங்க அதைக் கண்டுபிடிப்பாங்க. முதல்ல வெச்சா நம்மளே சொன்னதாகும்."

இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றாவது தடவை அவர் சொன்னபடியே எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து மறு விசாரணை. அதே கிளப் கட்டடம். வெளி வராந்தாவில் ஒரு பெஞ்சின் இந்த முனையில் மரியபுஷ்பம் உட்கார்ந்திருந்தார். அந்த முனையில் ஒரு ஆள், இரண்டு கையிலும் முழங்கைவரை கட்டு. பக்கத்தில் அவர் மனைவி. அந்தோணி அவர்தான் என்று கட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு குடும்பமும் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருப்பவர்கள். பெஞ்சின் நடுவில் நான்கு பேர் உட்காரலாம், காலியாகக் கிடந்தது.

மரியபுஷ்பம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நா அந்தோணி அண்ணனச் சொல்லவே இல்லக்கா. பேப்பர்ல அப்படித்தான் எழுதியிருக்குன்னு ஆபீசுல வாசிச்சுக் காட்டிட்டாக. அவுக வீட்ல பேச்சே நின்னு போச்சு. நாந்தான் அவர மாட்டி விட்டேன்னு ஊரே சொல்லுது."

விசாரணைக்கு முன் சாட்சியிடம் அதைப் பற்றிப் பேசக் கூடாது. "உள்ள போலாமுங்க" என்று மட்டும் சொன்னேன். அப்படிச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மரியபுஷ்பத்தை மறுபடி கேட்டால் போதாதா என்று அதிகாரி முதலில் நினைத்தார். நிர்வாகத்தின் வழக்கறிஞர் விடவில்லை. ஊராரின் நெருக்கடிக்குப் பயந்து இப்போது பேச்சை மாற்றுவார் என்றார். ஆகவே அன்று சொன்னது என்ன என்பதற்கு என் பதிவு ஒன்றுதான் மிச்சம். என்னைச் சாட்சி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அத்தனை வருடம் அந்த நாற்காலிக்கு முன்னால் மைக் வைத்திருக்கிறேன். உட்கார்ந்தது அன்றுதான். வழக்கறிஞர் மலையாளத்தில் கேட்டார். நானும் மலையாளத்தில் சொன்னேன்.

"இந்தப் பதிவு அழிந்துபோனது, இல்லையா?"

"ஆமாம். என் தவறால் அழிந்தது. முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்."

"அழிந்தது எப்போது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? அல்லது இந்த மனு வந்த பிறகுதான் அழிந்த கதை வந்ததா?"

விசாரணை அதிகாரி அதற்குள் தன் கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்துவிட்டார். ஒன்று இருபது, அவருடைய சொந்தக் கையெழுத்து. வழக்கறிஞர் அதை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"முக்கியமான இந்தத் துண்டுக்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. நீங்கள் விரும்பிய இடத்தில் இதை வைத்திருக்கலாம்."

"வைத்திருக்கலாம். அதனால்தான் மற்ற இரண்டு பதிவுகளையும் கொண்டுவந்திருக்கிறேன்."

முதல் பதிவைப் போட்டேன். வழக்கறிஞரின் சொந்தக் குரல், 'இது கேள்விக்குப் பதில் இல்லை' என்று சத்தமாக. அவர் 'பதில்' என்ற சொல்லில் இருக்கும்போது தூரத்தில் சங்கு ஆரம்பிக்கிறது. இரண்டாவதைப் போட்டேன். விசுவநாதன் சார் முந்தின வாக்கியத்தை மொழிபெயர்க்கிறார், நடுவில் சங்கு. அன்று காலை மூன்று பதிவிலும் சங்கு ஒரே ஒரு தடவைதான் ஊதியது. பிறகு பெயரில்லாத துண்டைப் போட்டேன். மரியபுஷ்பம் 'பீல்டு ஆபீசர் அய்யா' என்கிறார். பின்னால் மிக மெல்லியதாக வழக்கறிஞரின் குரல், 'பதில்', அதே சொல்லில் சங்கு. மூன்றையும் கைதட்டலை வைத்து நேராக்கி ஒன்றாக ஓட்டிக் காட்டினேன். மூன்று சங்கும் ஒரே சங்காகக் கேட்டது.

வழக்கறிஞர் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். விசுவநாதன் சார் எழுந்து, தான் ஒரு வாக்கியத்தைத் தவறவிட்டதையும் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னதையும் தானே சொன்னார். அதற்கு மேல் இந்த வேலைக்கு வர மாட்டேன் என்றும் அங்கேயே சொல்லிவிட்டார். பிறகு எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆவணம் திருத்தப்பட்டது. கம்பியில் மின்சாரம் நிறுத்தப்படாமலே, நிறுத்தியாயிற்று என்று சொல்லித் தொழிலாளியை ஏற்றியது பீல்டு ஆபீசர் என்று விசாரணை அறிக்கை சொன்னது. அந்தோணியை நீக்கும் மனு தள்ளுபடியானது. அதற்கு மேல் நடந்தது நீதிமன்றத்தில். என் வேலை அதோடு முடிந்தது. எனக்கு மெமோ வந்தது. ஸ்ரீஜா மேடம் கையெழுத்திட்டு, அவரே கொண்டுவந்து என் எதிரே உட்கார்ந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சாட்சியின் பதிவையும் ஆவணத்தோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும் என்று அடுத்த வருடம் அவர் எழுதி வாங்கிய உத்தரவில், காரணம் என்ற இடத்தில் என் தவறும் ஒரு வரியாக இருக்கிறது. வகுப்புக்கு வந்தவர்கள் கையில் இப்போதும் அந்த உத்தரவின் நகல் இருக்கிறது. படித்துப் பார்த்தால் தெரியும்.

ஆனால் அந்த வேலையை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது மெமோவோ உத்தரவோ இல்லை. அந்த மறு விசாரணை முடிகிற நேரம். அதிகாரி, யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். பின்வரிசையில் அந்தோணி எழுந்தார்.

"அய்யா, அந்தப் புள்ள பேசுனத மட்டும் இன்னொரு தடவ போடச் சொல்லுங்கய்யா."

"எதற்கு? பதிவாகிவிட்டதே" என்றார் அதிகாரி. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், விசுவநாதன் சார் வெளியே போயிருந்ததால்.

"பதிஞ்சிருச்சுங்கய்யா. எனக்குக் கேக்கணும்."

அதிகாரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சங்கு இல்லாமல் செய்ய முடியாது. சங்கோடுதான் போட்டேன். பீல்டு ஆபீசர் அய்யா கீழருந்து வந்தாக. அவுகதான், லைன் ஆப் பண்ணியாச்சு, ஏறுன்னு சொன்னாக. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். என் விரல் தாமதித்துவிட்டது. அடுத்த துண்டும் ஓடியது. அந்தோணி அண்ணன் வேண்டாம்டான்னு ரெண்டு தடவ சொல்லிச்சு, எங்க வீட்டுக்காரருதான் கேக்கல என்று அழுதுகொண்டே சொல்லியிருந்தார் மரியபுஷ்பம். ஆவணத்தில் அதுவும் இல்லை. ஏறச் சொன்னது யார் என்ற கேள்விக்குத் தேவையில்லாத வாக்கியம் என்று நான்கூட அறிக்கையில் குறிக்கவில்லை.

அந்தோணி நின்றபடியே இருந்தார். முகத்தைத் துடைக்க முடியாமல் கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தூக்கிக் கீழே விட்டார். மரியபுஷ்பம் இரண்டு வரிசை தாண்டிப் போய்த் தன் சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"வாங்கண்ணே, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

வெளியே மழை பிடித்திருந்தது. நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தோணியின் மனைவி ஒரு பக்கமும் மரியபுஷ்பம் ஒரு பக்கமும், நடுவில் அவர், ஒரே குடையில் மூன்று பேரும் லயத்துக்குப் போகும் சரிவில் இறங்கிப் போனார்கள்.